ஊட்டும் கைக்கு வேண்டிய அவகாசம்

முதியோர் இல்லமொன்றில் தாயையோ தந்தையையோ சேர்ப்பதற்காக விசாரிக்கச் செல்லும் குடும்பத்தார், அறையின் காற்றோட்டத்தையும் கழிவறையின் சுத்தத்தையும் பார்த்த பிறகு, சமையற்கூடத்துக்குப் போய், துலக்கி அடுக்கிய பாத்திரங்களையும், சுவரில் ஒட்டியிருக்கும் வாராந்தர உணவுப் பட்டியலையும், கொதிக்கும் சாம்பாரையும் கண்டு, சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்ற திருப்தியோடு திரும்புவது வழக்கம். பட்டியலில் உள்ளது சமைக்கப்படுகிறதா என்று அவர்கள் கேட்கிறார்கள். சமைத்தது சூடாகப் பரிமாறப்படுகிறதா என்றும் கேட்கிறார்கள். பரிமாறியதில் எவ்வளவு தொண்டையைக் கடந்து வயிற்றைச் சென்றடைகிறது என்ற கேள்வியை மட்டும் அநேகமாக ஒருவரும் கேட்பதில்லை. எண்பது வயதைத் தாண்டியவர்களும், பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர்களும், நினைவு மங்கியவர்களும் சேர்ந்து வாழும் இடத்தில், பலருடைய ஆயுள் இந்த ஒரு கேள்வியைப் பொறுத்தே நிற்கிறது.

2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி, இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு 8.6 பேர் 60 வயதை எட்டியவர்களாக இருக்க, தமிழ்நாட்டில் அவ்விகிதம் 10.4 ஆக இருந்தது. அதற்குப் பிறகு அது ஏறியதே தவிர இறங்கவில்லை. சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கியதும், சாவித்திரி வைத்தி அம்மையார் ஆதரவற்ற முதியோருக்காக 'விச்ராந்தி' இல்லத்தைத் தோற்றுவித்ததும் 1978 என்ற ஒரே வருஷத்து நிகழ்ச்சிகள். மருத்துவக் கல்லூரியில் முதியோர் வைத்தியத்துக்குத் தனிப் பட்டப்படிப்பு 1996-இல் வந்தது. தர்ம ஸ்தாபனங்களும் கட்டணம் வாங்கும் விடுதிகளுமாக இல்லங்கள் இன்று எல்லா ஊர்களிலும் எழுந்துவிட்டன. முன்பு தங்குவதற்கு இடமில்லாதவர் நாடிவந்த இல்லத்துக்கு, இப்போது எழுந்து நடக்க முடியாதவரும் தம் கையால் உண்ண முடியாதவரும் வருகிறார்கள். கட்டடங்கள் அந்த மாறுதலுக்குத் தக்கபடி சாய்தளமும் கைப்பிடியும் அமைத்துக்கொண்டன. உணவு வேளை மட்டும் பெரும்பாலான இடங்களில் பழையபடி மணியடித்து வரிசையில் தட்டு வைக்கும் முறையிலேயே நின்றுவிட்டது.

விழுங்குதல் என்பது நாம் கவனியாமலே நடக்கும் காரியமாகையால், அதன் நுட்பம் நமக்குத் தெரிவதில்லை. மூளையிலிருந்து புறப்படும் 12 ஜோடி நரம்புகளில் ஐந்து ஜோடிகளும், 25-க்கு மேற்பட்ட ஜோடித் தசைகளும் கூடி இயங்கினால்தான் ஒரு கவளம் கீழே இறங்கும். வாயில் மென்று, உமிழ்நீர் கலந்து, நாக்கின்மேல் உருண்டையாகத் திரண்ட ஆகாரத்தை நாக்கு பின்னோக்கித் தள்ளியதும், மெல்லண்ணம் எழுந்து மூக்குக்குச் செல்லும் வழியை அடைக்கிறது. குரல்வளை மேலேயும் முன்னேயும் உயர்கிறது. குரல்நாண்கள் ஒன்றோடொன்று நெருங்கி மூச்சுக்குழலின் வாயிலைச் சாத்த, குரல்வளை மூடி அதன்மேல் கவிகிறது. அந்தக் கணத்தில் சுவாசம் நின்று, உணவுக்குழலின் மேல்வாய் திறந்து, கவளம் உள்ளே புகுந்ததும், பெரும்பாலும் வெளிமூச்சோடு சுவாசம் மறுபடி தொடங்குகிறது. தொண்டையில் நடக்கும் இத்தனையும் ஏறத்தாழ ஒரு விநாடிக்குள் முடிந்துவிடுகின்றன. இரண்டு தண்டவாளங்கள் பிரியும் இடத்தில், விரைந்து வரும் வண்டிக்கு உரிய பாதையை உரிய கணத்தில் திருப்பிவிடும் ரயில்வே சிப்பந்தியின் வேலையை, இந்தத் தசைகள் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான முறை பிசகின்றிச் செய்கின்றன.

விருத்தாப்பியத்தில் அந்த வேகம் குறைகிறது. சரீரத்தின் மற்றத் தசைகளைப் போலவே நாக்கும் தொண்டையும் மெலிகின்றன; பல் விழுந்துபோகிறது; பொய்ப்பல் இருந்தாலும் ஈறு சுருங்கிவிட்டபடியால் அது பொருந்தாமல் ஆடுகிறது; இரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் சளிக்கும் உண்ணும் மாத்திரைகளில் பல உமிழ்நீரை வற்றச் செய்கின்றன. இவ்வளவோடு நின்றால் மெல்ல உண்டு சமாளித்துக்கொள்ளலாம். பக்கவாதம் வரும்போதுதான் ஆபத்து பெருகுகிறது. அதன் ஆரம்ப நாட்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு விழுங்குவதில் குறை ஏற்படுகிறது. பலருக்குச் சில வாரங்களில் அது திரும்பிவிட, சிலருக்கு நிலைத்துவிடுகிறது. பார்க்கின்ஸன் நோயாளிக்கு நாக்கு முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருக்குமே தவிரக் கவளத்தை அனுப்பாது. மறதி நோய் முற்றியவருக்கோ வாயில் இருப்பது உணவு என்பதும், அதை விழுங்க வேண்டும் என்பதும் மறந்துபோகின்றன. கன்னத்தில் ஒதுக்கிய சோறு ஒரு மணி நேரம் கழித்தும் அங்கேயே இருக்கும்.

வழி தவறிய துளி மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் புரையேறுகிறது, இருமல் வருகிறது. அந்த இருமலைக் கண்டு நாம் பயப்படுகிறோம். வைத்தியர்கள் அதைவிட அதிகமாகப் பயப்படுவது இருமல் வராத நிலையை. தொண்டையின் உணர்வு மழுங்கிவிட்டவர்களுக்கு நீரும் பாலும் சத்தமின்றி நுரையீரலை நோக்கி இறங்குகின்றன. முகத்தில் ஒரு மாறுதலும் தெரிவதில்லை. சில நாட்களில் ஜுரமும் மூச்சிரைப்பும் கண்டு, ஆஸ்பத்திரியில் நிமோனியா என்று எழுதப்படும்போது, அதற்கும் நான்கு நாள் முன்பு குடித்த காபிக்கும் உள்ள சம்பந்தத்தை யாரும் நினைப்பதில்லை. ஆகவே சிறு அடையாளங்களைக் கவனிக்கப் பழக வேண்டும். உண்ட பிறகு குரல் ஈரம் கோத்தது போலக் கரகரத்தல், ஒரு வாய்க்கு இரண்டு மூன்று தடவை விழுங்குதல், மூக்கு வழியே நீர் வருதல், சாப்பாட்டின் நடுவில் மூச்சு வேகமாதல், காரணம் தெரியாத ஜுரம் அடிக்கடி வந்து போதல், முன்பு விரும்பி உண்டதை ஒரு சாக்குச் சொல்லி ஒதுக்குதல் ஆகிய இவையெல்லாம் தொண்டை தன் குறையைச் சொல்லும் விதங்கள். "பாட்டிக்குப் பிடிவாதம், சாப்பிட மாட்டேன் என்கிறாள்" என்று இல்லத்துக் குறிப்பேட்டில் எழுதப்படும் பல பாட்டிகளுக்கு இருப்பது பிடிவாதம் அன்று, பயம்.

நம்முடைய பழக்கங்களில் ஒன்றை இங்கே விசேஷமாகக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. எச்சில் படாமல் அண்ணாந்து நீர் அருந்துவது நம் நாட்டில் ஆசாரமாகவும் சுகாதாரமாகவும் போற்றப்பட்டு வந்திருக்கிறது. எழுபது ஆண்டு அவ்வாறே குடித்துப் பழகிய ஒருவர் தம்ளரை உதட்டில் வைக்க எளிதில் சம்மதிப்பதில்லை. திடமான தொண்டைக்கு அதனால் தீங்கில்லை. தளர்ந்த தொண்டைக்கோ அதைவிட அபாயமான நிலை வேறு இல்லை. தலை பின்னால் சாயும்போது நீர் தன் பாரத்தாலேயே விரைந்து விழுகிறது. குரல்வளை உயர்வதற்கு வேண்டிய இடம் குறுகுகிறது. மூச்சுக்குழலின் வாயில் முழுவதும் சாத்தப்படுவதற்குள் நீர் அங்கே வந்துவிடுகிறது. படுத்த படுக்கையாக இருப்பவரின் வாயில் பாலாடையால் பால் புகட்டுவதும் இதே வகையைச் சேர்ந்தது. பாலாடையின் மூக்கிலிருந்து வரும் பால் புகட்டுகிறவரின் கை சாய்வுக்கு ஏற்ற வேகத்தில் வருகிறது; விழுங்குகிறவரின் சக்திக்கு ஏற்றபடி வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த மகள், அம்மா ஒன்றும் சாப்பிடவில்லையே என்ற தவிப்பில், தலையணையில் சாய்ந்திருப்பவளின் வாயில் ஹார்லிக்ஸை ஊற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறாள். அவளுடைய அன்பில் குறை கிடையாது; எப்படி ஊட்ட வேண்டும் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை.

சொல்லித்தருவது கடினமானதும் அன்று. உண்பவர் விழித்திருக்க வேண்டும். அரைத் தூக்கத்தில் ஊட்டலாகாது. இடுப்பு பின்னுக்கு ஒட்டி, முதுகு நிமிர்ந்து, பாதம் தரையிலோ பலகையிலோ படிந்திருக்க அவரை உட்காரவைத்து, மோவாயை மார்பை நோக்கிச் சற்றே தாழ்த்தச் சொல்ல வேண்டும். ஊட்டுகிறவர் நின்றுகொண்டு ஊட்டினால் உண்பவர் தலையைத் தூக்கித்தான் வாய் திறப்பார். ஆகையால் எதிரே அல்லது பக்கத்தில், கண்ணுக்குக் கண் நேராக உட்கார வேண்டும். சிறு கரண்டியில் பாதியளவு எடுத்து, நாக்கின் நடுவில் லேசாக அழுத்திவைத்து, தொண்டையில் குரல்வளை ஒரு முறை ஏறி இறங்குவதைக் கண்ட பிறகே அடுத்த கரண்டியை எடுக்க வேண்டும். பக்கவாதக்காரருக்கு உணர்வுள்ள பக்கத்தில் கொடுக்க வேண்டும். வாயில் கவளம் இருக்கும்போது கேள்வி கேட்கக் கூடாது. முடிந்ததும் கன்னங்களைப் பார்த்து, ஒதுங்கியிருப்பதை எடுத்துவிட்டு, அரை மணி நேரமாவது நிமிர்ந்திருக்கச் செய்ய வேண்டும். இதில் விலையுள்ள பொருள் ஒன்றும் வேண்டியதில்லை. வேண்டியது அவகாசம், அதற்குப் பிறகு வருகிறேன்.

உணவின் பதத்தைப் பற்றிப் பேசும்போது, நமது சமையலைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அதில் உள்ள ஆபத்தையும் அநுகூலத்தையும் ஒருங்கே அறிந்துகொள்ள வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். நோயாளிக்கு எளிது என்று நாம் முதலில் நினைப்பது ரசம் சாதம். தளர்ந்த தொண்டைக்கு அதைப் போலக் கஷ்டமானது குறைவு. ரசம் நீராக முன்னே ஓடிவிட, பருக்கைகள் மெல்லப்படுவதற்காக வாயில் பின்தங்குகின்றன. தொண்டை இரண்டையும் ஒரே சமயத்தில் ஆள வேண்டியிருக்கிறது. சாம்பாரில் மிதக்கும் இட்லித் துண்டும், பாலில் ஊறிய ரொட்டியும், மோர் அதிகம் விட்டுப் பிசைந்த சாதமும் அவ்வாறே. கறிவேப்பிலை, கடுகு, மிளகாய்த் தோல், கீரையின் நார், முருங்கைச் சக்கை, உதிரும் பொரி, மொறுமொறுத்த முறுக்கு, ஒட்டிக்கொள்ளும் களி ஆகிய ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் தொந்தரவு. இவற்றுக்கு எதிராக, குழைய வடித்துக் கட்டியாகப் பிசைந்த தயிர் சாதம், நெய்விட்டு மசித்த பருப்பு சாதம், தோலும் நரம்பும் நீக்கி மசித்த பூசணியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும், கரண்டியில் நிற்கும் கேழ்வரகுக் கூழ், ரவைப் பாயசத்தைக் கெட்டியாக்கினது போன்ற கேசரிப் பதம், மென்மையாக வெந்த முட்டைக் கலவை என்று நல்ல உணவுகளும் இதே அடுப்பில்தான் பிறக்கின்றன.

பதத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரால் சொல்வதால் நேரும் குழப்பத்தைத் தீர்க்க, 2013-இல் பல தேசத்து நிபுணர்கள் கூடி ஆரம்பித்த முயற்சியின் பயனாக, பானம் முதல் சாதாரண உணவு வரை 0 முதல் 7 வரையில் எட்டுப் படிகளாக ஒரு சர்வதேச அளவுமுறை வகுக்கப்பட்டிருக்கிறது. 'இட்சி' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அதன் சிறப்பு, பரிசோதனைச் சாலை எதுவும் வேண்டாமல் சமையற்கட்டிலேயே அளக்கலாம் என்பது. அளவுக்கோடுகள் 61.5 மி.மீ. நீளம் கொண்ட 10 மி.லி. ஊசிக்குழலில், ஊசியின்றி, பானத்தை நிரப்பி, பத்து விநாடி ஒழுகவிட்டுப் பார்த்தால், மிச்சமிருப்பது 1-லிருந்து 4 மி.லி. வரை என்றால் முதற்படி, 4-லிருந்து 8 வரை என்றால் இரண்டாம் படி, அதற்கு மேல் 10 வரை என்றால் மூன்றாம் படி. கெட்டியான உணவுக்கு முள்கரண்டியே அளவுகோல்: மசித்து ஈரமாகக் கொடுக்கும் ஐந்தாம் படி உணவில் துணுக்குகள், பெரியவர்களுக்கு, முள்கரண்டியின் இரு பற்களுக்கு இடையிலான 4 மி.மீ. அகலத்துக்குள் அடங்க வேண்டும். எந்த வைத்தியர் எந்த ஊரிலிருந்து "நான்காம் படி" என்று எழுதி அனுப்பினாலும், இல்லத்துச் சமையற்காரர் அதே பதத்தை உண்டாக்கிக் கொடுக்க இதனால் முடிகிறது.

கெட்டிப்படுத்துவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சோள மாவோ கூவைக்கிழங்கு மாவோ சேர்த்துக் கெட்டியாக்கிய பானம், உமிழ்நீரில் உள்ள மாவைக் கரைக்கும் ரசம் பட்டதும் நீர்த்துவிடும். வாயில் வைத்த கரண்டி திரும்பத் திரும்பக் கிண்ணத்துக்குள் போவதால், ஆரம்பத்தில் கூழாக இருந்த கஞ்சி பாதியில் நீராகிவிடுவதைப் பார்த்திருப்போம். கடையில் கிடைக்கும் சாந்தன் கம் என்னும் பொடிக்கு அந்தக் குறை இல்லை. ஆனால் எல்லோருக்கும் எல்லாப் பானத்தையும் கெட்டியாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று எண்ணக் கூடாது. பார்க்கின்ஸன் நோயும் மறதி நோயும் உள்ளவர்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2008-இல் வெளியான பெரியதொரு ஆராய்ச்சியில், மோவாயைத் தாழ்த்திச் சாதாரண நீரைக் குடித்தவர்களுக்கும், கெட்டியாக்கிய பானத்தைக் குடித்தவர்களுக்கும் மூன்று மாதத்தில் நிமோனியா வந்த விகிதத்தில் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை. கெட்டியான பானம் கொடுக்கப்பட்டவர்களிடம் உடலில் நீர் வற்றுவதே அதிகமாக இருந்தது. ருசியற்ற கூழை யார் விரும்பிக் குடிப்பார்? முதுமையில் தாகமே குறைந்துவிடுகிறது. இரவில் எழுப்ப வேண்டியிருக்குமே என்ற சங்கோசத்தால் மாலைக்கு மேல் நீரே வேண்டாம் என்பவர் பலர். பெண்களுக்கு நாளொன்றுக்கு 1.6 லிட்டரும் ஆண்களுக்கு 2 லிட்டரும் பானமாகச் செல்ல வேண்டும் என்று ஐரோப்பிய போஷணை நிபுணர்கள் விதித்திருக்கிறார்கள். நமது சித்திரை வெயிலுக்கு அதற்குக் குறைந்து போதாது.

எல்லாவற்றையும் ஒரே மிக்ஸியில் இட்டு அடித்து, பழுப்பு நிறத்தில் ஒரு கிண்ணம் கூழாக மூன்று வேளையும் நீட்டுவது இல்லங்களில் காணும் மற்றொரு வழக்கம். அரைபடுவதற்காக அதில் நீர் விடப்படுகிறது; நீர் விட்ட அளவுக்குச் சத்து குறைகிறது; கிண்ணம் நிறைந்திருப்பதைக் கண்டு பார்ப்பவர் ஏமாறுகிறார். அதோடு, தாம் உண்பது பருப்பா காயா என்பதைக்கூட நாக்கு அறிய முடியாதபடி செய்துவிட்ட பிறகு, அவருக்குப் பசி எடுக்கவில்லை என்று சொல்வது நியாயமன்று. சோற்றையும் கூட்டையும் தனித்தனியே மசித்துத் தட்டில் தனித்தனியே வைப்பதற்குச் சமையற்காரருக்குக் கூடுதலாகச் சில நிமிஷங்கள் ஆகும். வெந்நீருக்குப் பதிலாகப் பாலையோ பருப்புத் தண்ணீரையோ நெய்யையோ விட்டு மசிக்கலாம். ஒரு கரண்டி பால்பொடி, பொடித்த வேர்க்கடலை மாவு, முட்டை உண்பவர்க்கு முட்டை என்று சேர்த்தால், சிறு கிண்ணத்திலேயே போஷணை ஏறிவிடும்.

போஷணைக் கணக்கையும் பார்த்துவிடலாம். வயது முதிர்ந்தவர்க்கு எடையில் கிலோவுக்கு ஒரு கிராமிலிருந்து 1.2 கிராம் வரை புரதம் தினந்தோறும் வேண்டும். 50 கிலோ எடையுள்ள அம்மாளுக்கு 50-லிருந்து 60 கிராம். காலையில் மூன்று இட்லி, மதியம் சோறும் சாம்பாரும் ஒரு கரண்டி தயிரும், இரு வேளை காபி, இரவில் கோதுமை ரவை உப்புமா என்று முழுவதும் உண்டாலே அது நாற்பதைத் தாண்டுவது அரிது. தட்டில் பாதியை மிச்சம் வைக்கிறவருக்கு இருபதுதான் மிஞ்சுகிறது. தசை கரைகிறது, தசை கரைந்தால் விழுங்கும் சக்தி மேலும் குறைகிறது, அது குறைந்தால் உணவு மேலும் குறைகிறது. இந்தச் சுழலை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க, பிரான்ஸின் தூலூஸ் நகர வைத்தியர்கள் 1990-களில் முன்னின்று உருவாக்கிய கேள்விப் பட்டியலின் சுருக்க வடிவம் உலகெங்கும் பயன்படுகிறது. ஆறு கேள்விகள், மொத்தம் 14 மதிப்பெண். 12-உம் அதற்கு மேலும் என்றால் குறையில்லை, 8-லிருந்து 11 வரை எச்சரிக்கை, 7-உம் அதற்குக் கீழும் என்றால் போஷணைக் குறைவு. எழுந்து நிற்க முடியாதவர்க்கு எடைக்குப் பதிலாகக் கெண்டைக்காலைத் தையற்காரர் நாடாவால் அளந்து, 31 செ.மீ. இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கோ, ஆறு மாதத்தில் பத்துப் பங்கோ எடை குறைந்தால் வைத்தியரை அழைக்க வேண்டும். மாதந்தோறும் இரத்த அழுத்தம் எழுதிவைக்கிற இல்லங்களில்கூட எடைக்கான பக்கம் வெறுமையாக இருப்பது மனத்தை வருத்துகிறது.

மாத்திரை விழுங்க முடியவில்லையென்றால் பொடித்துப் பாலில் கரைப்பது வழக்கமாகிவிட்டது. மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரையைப் பொடித்தால் ஒரு நாள் முழுவதற்குமான ஔஷதம் ஒரே வேளையில் இறங்கிவிடும். குடலில் கரைவதற்காக மேற்பூச்சு பூசியவற்றையும் பொடிக்கலாகாது. எலும்பு வலுவுக்காகக் கொடுக்கும் அலெண்ட்ரோனேட் உணவுக்குழலில் ஒட்டிக்கொண்டால் அங்கே புண்ணாக்கிவிடும். பொடிப்பதற்கு முன் வைத்தியரையோ மருந்தாளுநரையோ கேட்க வேண்டும். பல மருந்துகள் திரவமாகவே கிடைக்கின்றன.

இனி வாயின் சுத்தம். நுரையீரலுக்குள் உமிழ்நீர் இறங்குவதை முற்றிலும் தடுக்க முடியாது. ஆரோக்கியமானவர்களுக்கும் தூக்கத்தில் சிறிது இறங்கவே செய்கிறது. இறங்கும் உமிழ்நீரில் கிருமி எவ்வளவு என்பதே விஷயம். ஜப்பானில் 11 முதியோர் மருத்துவ இல்லங்களில் யோனெயாமா என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இரண்டு ஆண்டுகள் நடத்தி, 1999-இல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்ட ஆராய்ச்சியில், உணவுக்குப் பின் பணியாளர் பல் துலக்கிவிட்டு, வாரந்தோறும் பல் வைத்தியரும் பார்த்துவந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கே நிமோனியா வந்தது. வழக்கப்படி விடப்பட்டவர்களில் 19 பேருக்கு வந்தது. பல் துலக்கும் குச்சி ஒன்றால் இவ்வளவு நேருமானால், பல்லே இல்லையே என்று வாயைக் கழுவாமல் விடப்படும் முதியவர்களை எண்ணி நாம் கவலைப்பட வேண்டும். பல் இல்லாத வாய்க்கும் ஈரத் துணியால் ஈறும் நாக்கும் துடைக்கப்பட வேண்டும். மூக்குக் குழாயால் உண்பவருக்கு அது இன்னும் அவசியம்.

தொண்டைக்குள் நுண்குழாய் விட்டு விழுங்குதலை நேரில் பார்க்கும் முறையை 1988-இல் அறிமுகப்படுத்திய சூசன் லாங்மோர் அம்மையார், பத்து ஆண்டுகளுக்குப் பிறகு வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியில், முதியவர்களில் 189 பேரைத் தொடர்ந்து கவனித்து, உணவு வழி தவறுவதால் வரும் நிமோனியாவுக்கு முன்னறிகுறிகள் எவை என்று தேடினார். விழுங்குவதில் உள்ள குறை மட்டும் அந்நோயை உண்டாக்கப் போதவில்லை. பலமாக நின்ற அறிகுறிகளுள் முக்கியமானவை, உணவுக்குப் பிறர் கையை நம்பியிருத்தல், வாய் சுத்தத்துக்குப் பிறர் கையை நம்பியிருத்தல், சொத்தைப் பற்களின் எண்ணிக்கை ஆகியவை. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஓர் எண்ணம் உறுதிப்பட்டுவிட்டது: முதியவரின் தொண்டையைப் பரிசோதிக்கும் அதே சிரத்தையோடு அவருக்கு ஊட்டும் கையையும் பரிசோதிக்க வேண்டும்.

அந்தக் கை யாருடையது? குறைந்த சம்பளத்துக்கு வெளியூரிலிருந்து வந்து, இல்லத்திலேயே தங்கி, விடியற்காலை குளிப்பாட்டுவதில் தொடங்கி இரவு படுக்கை மாற்றுவது வரை ஓயாமல் உழைக்கும் ஆயாவுடையது. அவர்களுள் பலர், தம் தாய்க்குச் செய்வதுபோல் செய்கிறார்கள் என்பதை நேரில் கண்டு வணங்கியிருக்கிறேன். ஆனால் கையில் எட்டுத் தட்டும் எதிரில் ஒரு மணி நேரமும் வைத்துக்கொண்டிருப்பவரால், குரல்வளை ஏறி இறங்கும்வரை காத்திருக்க எப்படி முடியும்? சரியாக உதவி செய்து உண்ணவைக்க ஒருவருக்கு ஒரு வேளைக்குச் சராசரி 38 நிமிஷம் ஆகிறது என்றும், வழக்கத்தில் கிடைப்பது ஒன்பது நிமிஷமே என்றும் அமெரிக்க முதியோர் மருத்துவ இல்லங்களில் செய்து 2001-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று கூறுகிறது. நாம் அரை மணி என்றே வைத்துக்கொள்வோம். அறுபது பேர் உள்ள இல்லத்தில் பதினைந்து பேருக்கு ஊட்ட வேண்டுமானால், ஒரு வேளைக்கு ஏழரை மணி நேர வேலை. அதை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க ஐந்து பேர் வேறு வேலையின்றி உட்கார வேண்டும். அந்த ஐவர் இல்லாவிட்டால், உணவு வேளையை இரண்டு பந்தியாகப் பிரிக்கலாம்; சிறிது சிறிதாக ஆறு வேளையாகக் கொடுக்கலாம்; தாமாக உண்ணக்கூடியவர்க்குத் தடித்த பிடியுள்ள கரண்டியும் விளிம்பு உயர்ந்த தட்டும் கொடுத்து அந்தச் சக்தியைக் காக்கலாம்; குடும்பத்தாரையும் தொண்டர்களையும் பயிற்றுவித்து மதிய வேளைக்கு அழைக்கலாம். ஒன்றும் செய்யாமல் பழைய வேகத்திலேயே ஊட்டுவதாயின், புரையேறுதலும் பட்டினியும் ஆகிய இரண்டில் ஒன்று நிச்சயம்.

ஊட்டுவது கைகூடாதபோது மூக்குக் குழாய் வருகிறது. ரைல்ஸ் ட்யூப் என்று எல்லோரும் சொல்லும் அந்தக் குழாயை லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஜான் ஆல்ஃபிரெட் ரைல் 1921-இல் அமைத்தது, இரைப்பையின் ரசத்தைப் பரிசோதனைக்கு எடுப்பதற்காக. பக்கவாதம் வந்த ஆரம்ப வாரங்களில், விழுங்கும் சக்தி திரும்பும்வரை, அது பெரும் உபகாரம். அதற்குள் பேச்சுப் பயிற்சி நிபுணரைக் கொண்டு மறுபடி விழுங்கப் பழக்க வேண்டும். 1965-இல் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் ஏற்பட்டது முதல் இத்துறையில் பயின்றவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் பேச்சுக்கு மட்டுமன்றி விழுங்குதலுக்கும் வைத்தியம் செய்பவர்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மறதி நோயின் இறுதிக் கட்டத்தில் உள்ளவருக்குக் குழாய் போடுவது வேறு விஷயம். அதனால் ஆயுள் நீள்வதாகவோ நிமோனியா குறைவதாகவோ நிரூபணமில்லையென்றும், குழாயைப் பிடுங்காதிருக்கக் கையைக் கட்டிவைக்கும் கொடுமை சேர்கிறதென்றும் கண்டு, அமெரிக்க முதியோர் மருத்துவ சங்கம் அத்தகையவர்க்குக் குழாயை வேண்டாமென்று கூறி, கையால் பொறுமையாக ஊட்டுவதையே சிபாரிசு செய்கிறது. அப்போது எத்தனை கலோரி சென்றது என்ற கணக்கை ஒதுக்கிவைத்து, அவருக்குப் பிடித்த இளநீர் வழுக்கையோ மாம்பழக் கூழோ இரண்டு கரண்டி, அவர் விரும்பும்வரை கொடுத்து, உதட்டை நனைத்துக்கொண்டிருப்பது போதும். அந்த முடிவைக் குடும்பத்தாரும் வைத்தியரும், முடியுமானால் அம்முதியவரே நினைவு தெளிந்திருக்கும் காலத்தில், முன்கூட்டிப் பேசி எழுதிவைப்பது நலம். நள்ளிரவில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்போது பேசத் தொடங்கினால் பயமே முடிவு செய்யும்.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது; மாவட்டத்துக்கு ஒன்றேனும், ஏழை முதியோர் 150 பேர் தங்கும்படி, மாநில அரசுகள் இல்லம் அமைக்கலாம் என்று அதன் 19-ஆம் பிரிவு கூறுகிறது. இல்லங்களைப் பார்வையிட அதிகாரிகள் போகிறார்கள், கட்டடத்தின் உறுதியும் தீயணைப்புச் சாதனமும் பதிவேடுகளும் பார்க்கப்படுகின்றன, அவை அவசியமே. அவர்கள் பகல் பன்னிரண்டரை மணிக்குப் போகட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தாமாக உண்ண முடியாதவர்கள் எத்தனை பேர், அந்த வேளையில் ஊட்டுவதற்கென்று உட்கார்ந்திருக்கும் கைகள் எத்தனை, அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் யார், ஒவ்வொருவருக்கும் உரிய பதம் கட்டில் தலைமாட்டில் எழுதப்பட்டிருக்கிறதா, சென்ற மாதத்து எடை என்ன, கடைசியாக வாய் கழுவப்பட்டது எப்போது என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். தாயைச் சேர்க்கப் போகும் மகனும் மகளும் அதே நேரத்துக்கே போய், உணவுக்கூடத்தின் ஒரு மூலையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, ஊட்டுகிறவர் அமர்ந்து ஊட்டுகிறாரா நின்று ஊட்டுகிறாரா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு கட்டணத்தைப் பற்றிப் பேசலாம்.